கொசோவோ ஜனாதிபதி தேர்தல்: எண்பது பேர் உள்ளே வந்தால்தான் ஓட்டு

கேள்வி இது: “2021 பிப்ரவரியில் நடந்த கொசோவோ பொதுத்தேர்தலில் வியோசா ஒஸ்மானிக்கு மட்டும் மூன்று லட்சம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். அப்படியிருந்தும் ஏப்ரலில் அவரை ஜனாதிபதியாக்க நாடாளுமன்றம் இரண்டு நாள் திணறியது. ஏன்? அங்கே மக்கள் நேரடியாக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில்லையா?”

இல்லை. கொசோவோவில் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பது 120 பேர் கொண்ட நாடாளுமன்றம், அதுவும் ரகசிய வாக்கெடுப்பில். ஒஸ்மானிக்கு விழுந்த அந்த மூன்று லட்சம் ஓட்டும் நாடாளுமன்ற உறுப்பினர் பதவிக்கு விழுந்தவை. சட்டப்படி அவற்றுக்கும் ஜனாதிபதி நாற்காலிக்கும் சம்பந்தமே இல்லை. இன்னொன்று, ஏப்ரலில் அவருக்கு ஆதரவு ஓட்டு குறையவில்லை. மூன்றாவது சுற்றில் ஜெயிக்கத் தேவையானதைவிட அதிகமாகவே இருந்தது. குறைந்தது அவைக்குள் இருந்த ஆட்களின் எண்ணிக்கை. ஓட்டு வேறு, ஆள் வேறு என்ற இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் அந்த நாட்டு ஜனாதிபதி தேர்தல் முழுவதும் புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நாட்டைப் பற்றி நாலு வரி. கொசோவோ 2008 பிப்ரவரி 17 அன்று செர்பியாவிலிருந்து பிரிந்து சுதந்திரம் அறிவித்தது. தலைநகர் பிரிஷ்டினா. மக்கள்தொகை சுமார் 16 லட்சம், பெரும்பாலோர் அல்பேனியர்கள். இந்தியா இதுவரை அதை அங்கீகரித்த நாடல்ல. நம் செய்திகளில் அந்த நாட்டின் பெயர் அபூர்வமாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம். அரசியலமைப்புச் சட்டம் 2008 ஜூன் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. நாடாளுமன்றத்தில் 100 இடங்களுக்கு நாடு முழுவதையும் ஒரே தொகுதியாக வைத்து விகிதாசார முறையில் தேர்தல். மீதி 20 இடங்கள் சிறுபான்மையினருக்கு ஒதுக்கப்பட்டவை: செர்பியர்களுக்கு 10, ரோமா, அஷ்காலி, எகிப்தியர் என்ற மூன்று சமூகங்களுக்கும் சேர்த்து 4, போஸ்னியாக்குகளுக்கு 3, துருக்கியருக்கு 2, கோரானிகளுக்கு 1. சுதந்திரத்துக்கு முன் ஐ.நா. தூதராக இருந்த பின்லாந்துக்காரர் மார்ட்டி அஹ்திசாரி வகுத்த திட்டம் இந்த அமைப்பில் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது.

இப்போது தேர்தல் விதி. அரசியலமைப்பின் 85, 86, 87ஆம் பிரிவுகள். வேட்பாளராக நிற்க 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், 30 உறுப்பினர்களின் கையெழுத்து வேண்டும். ஓர் உறுப்பினர் ஒருவருக்குத்தான் கையெழுத்துப் போடலாம். 120ஐ 30ஆல் வகுத்துப் பாருங்கள், நாலு பேருக்கு மேல் நிற்கவே முடியாது. முதல் சுற்றில் ஜெயிக்க மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 80 ஓட்டு. இரண்டாவது சுற்றிலும் அதே 80. இரண்டிலும் யாரும் தொடவில்லை என்றால், இரண்டாவது சுற்றில் முதலிரண்டு இடம் பிடித்தவர்களுக்குள் மூன்றாவது சுற்று. அதில் 61 போதும். பதவிக்காலம் ஐந்து வருடம், ஒருவர் இரண்டு முறைக்கு மேல் இருக்க முடியாது. பழைய ஜனாதிபதியின் காலம் முடிய 30 நாள் இருக்கும்போதே புதியவரைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது சுற்றிலும் யாரும் ஜெயிக்கவில்லை என்றால்? நாடாளுமன்றம் கலைந்துவிடும். 45 நாளுக்குள் பொதுத்தேர்தல். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க முடியாத உறுப்பினர்கள் தங்கள் பதவியையும் சேர்த்து இழக்கிறார்கள். எல்லாச் சிக்கலும் இந்த ஒரு வரியைச் சுற்றித்தான்.

அந்தப் பதவிக்கு அப்படி என்ன அதிகாரம் என்று கேட்கலாம். நாட்டை நடத்துவது பிரதமர்தான். ஆனாலும் ஜனாதிபதி வெறும் ரப்பர் ஸ்டாம்ப் இல்லை. ஒரு சட்டத்தை ஒருமுறை திருப்பி அனுப்பலாம். தூதர்களை நியமிப்பவர், பாதுகாப்புப் படையின் தலைமைத் தளபதி, அரசியலமைப்பு நீதிமன்ற நீதிபதிகளை நாடாளுமன்றத்தின் பரிந்துரையில் நியமிப்பவர். எல்லாவற்றுக்கும் மேலே, ஆட்சி அமைக்க யாரை அழைப்பது என்ற இடத்தில் அவர் கை ஓங்கி நிற்கும். 2020 மார்ச்சில் ஆல்பின் குர்தியின் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் விழுந்தது. குர்தி மறுதேர்தல் கேட்டார். அன்றைய ஜனாதிபதி ஹாஷிம் தாச்சி வேறு கட்சியின் அவ்துல்லா ஹோத்தியை ஆட்சி அமைக்க அழைத்தார். விவகாரம் அரசியலமைப்பு நீதிமன்றம் போய், அழைத்தது செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஜூன் 3 அன்று சரியாக 61 ஓட்டில் ஹோத்தி அரசு அமைந்தது. அந்த 61இல் ஓர் ஓட்டு குற்றவாளி என்று தீர்ப்பான உறுப்பினருடையது, அது செல்லாது என்று டிசம்பரில் அதே நீதிமன்றம் சொல்ல, அரசு போனது. அதனால் வந்ததுதான் நீங்கள் கேட்ட 2021 பிப்ரவரி தேர்தல்.

சரி, நேரடித் தேர்தல் ஏன் இல்லை என்பதற்கு வருவோம். இதில் என்னை எப்போதும் நெகிழவைக்கும் ஒரு விஷயம் உண்டு. கொசோவோ மக்கள் ஜனாதிபதியை நேரடியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், நாடு பிறப்பதற்கு முன்பே. 1992 மே 24 அன்று, செர்பிய அரசு சட்டவிரோதம் என்று சொன்ன ஒரு தேர்தலை அல்பேனியர்கள் தாங்களாகவே நடத்தினார்கள். வீடுகளுக்குள் வாக்குப்பெட்டி வைத்து ஓட்டுப் போட்டார்கள். இலக்கிய ஆய்வாளரான இப்ராஹிம் ருகோவா போட்டியின்றி ஜனாதிபதியானார். உலகம் அங்கீகரிக்காத பதவி, ஆனால் மக்கள் உயிரைப் பணயம் வைத்துக் கொடுத்த பதவி. 1999இல் போர் முடிந்து ஐ.நா. நிர்வாகம் வந்த பிறகு எழுதப்பட்ட தற்காலிக அரசியலமைப்புதான் ஜனாதிபதித் தேர்வை நாடாளுமன்றத்தின் கையில் கொடுத்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. போரிலிருந்து அப்போதுதான் மீண்ட சமூகம், ஒன்றையொன்று நம்பாத கட்சிகள். ஒருவர் மொத்தமாக எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகாமல், பேசித் தீர்த்துப் பொதுவான ஆளைக் கொண்டுவரட்டும் என்ற எண்ணம்.

பேசித் தீர்த்தார்கள்தான், ஆனால் ஆளைப் பற்றி இல்லை, பங்கீட்டைப் பற்றி. 2001 நவம்பரில் தேர்தல் நடந்தும் ருகோவா ஜனாதிபதியாக 2002 மார்ச் 4 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவருக்கு ஜனாதிபதி பதவி, போட்டிக் கட்சிக்குப் பிரதமர் பதவி, சபாநாயகர் பதவி திரும்ப ருகோவாவின் கட்சிக்கு என்று ஏற்பாடான பிறகுதான் ஓட்டு விழுந்தது. மூன்று நாற்காலிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி பேரம் பேசும் வழக்கம் அன்றே வேரூன்றிவிட்டது.

ருகோவா 2006 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தார். அடுத்து வந்த சட்டப் பேராசிரியர் ஃபாத்மிர் செய்தியு, 2008 ஜனவரியில் மறுபடி தேர்வானபோது மூன்றாவது சுற்றில் 62 ஓட்டு வாங்கினார். அந்த 62ஐ ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செய்தியுவின் வீழ்ச்சிக்குக் காரணம் ஓட்டு அல்ல, கட்சிப் பதவி. ஜனாதிபதி கட்சிப் பொறுப்பில் செயல்படக் கூடாது என்று புதிய அரசியலமைப்பு சொன்னது. அவர் கட்சித் தலைவர் பதவியை விடவில்லை, ‘முடக்கி’ மட்டும் வைத்திருந்தார். முப்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் நீதிமன்றம் போனார்கள். முடக்கினாலும் பதவி பதவிதான், இது கடுமையான அரசியலமைப்பு மீறல் என்று தீர்ப்பு. 2010 செப்டம்பர் 27 அன்று செய்தியு ராஜினாமா செய்தார். தீர்ப்பைத் திட்டாமல், சாக்குச் சொல்லாமல், ஏற்கிறேன் என்று சொல்லி இறங்கினார். இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு நீதிமன்றத்தின் வார்த்தைக்கு ஒரு நாட்டின் ஜனாதிபதி கட்டுப்பட்டார். அந்த மரியாதையை அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஜனாதிபதி இல்லாதபோது சபாநாயகர் பொறுப்பு ஜனாதிபதியாக இருப்பார், அதிகபட்சம் ஆறு மாதம். யாகுப் கிராஸ்னிச்சி பொறுப்பேற்றார். அரசும் கவிழ்ந்து, டிசம்பரில் தேர்தல் நடந்தது. தாச்சியின் கட்சிக்கு ஆட்சி அமைக்கத் துணை தேவைப்பட்டது. துணையாக வந்தவர் பெஜெத் பாட்சொல்லி. சுவிட்சர்லாந்தில் கட்டுமான நிறுவனம் நடத்தி, கிரெம்ளின் மாளிகையைப் புதுப்பிக்கும் வேலைவரை எடுத்துச் செய்த பெரும் பணக்காரர். துணைக்கு விலை ஜனாதிபதி பதவி.

2011 பிப்ரவரி 22 அன்று வாக்கெடுப்பு. எதிர்க்கட்சிகள் வெளியேறிவிட்டன. பாட்சொல்லி ஒருவர்தான் வேட்பாளர். மூன்றாவது சுற்றில் அவையில் ஓட்டுப் போட்டவர்கள் 67 பேர், அவருக்குக் கிடைத்தது 62. செய்தியு வாங்கிய அதே எண். 61 தாண்டிவிட்டது, பதவிப் பிரமாணமும் எடுத்தாயிற்று. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

மார்ச் இறுதியில் வந்த தீர்ப்புதான் இந்தத் தேர்தலின் இன்றைய உருவத்தைச் செதுக்கியது. நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. ஒன்று: சட்டம் ‘வேட்பாளர்கள்’ என்று பன்மையில் பேசுகிறது, மூன்றாவது சுற்று இருவருக்குள் நடப்பது என்கிறது, அதனால் ஒரே ஒருவர் நின்றால் அது தேர்தலே இல்லை. இரண்டு: ஜனாதிபதி மக்களின் ஒற்றுமையைக் குறிப்பவர், அதனால் 120 பேரும் வந்து வாக்களிப்பது அவர்களுடைய கடமை. குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களிக்காமல் நடக்கும் தேர்தல் செல்லாது. அதாவது எந்தச் சுற்றானாலும் 80 பேர் ஓட்டுப் போட்டிருக்க வேண்டும். மூன்றாவது சுற்றில் ஜெயிக்க 61 போதும், ஆனால் அந்த 61ஐ எண்ணுவதற்கே 80 ஓட்டுச் சீட்டு பெட்டியில் இருக்க வேண்டும். பாட்சொல்லியின் பதவி ஐந்து வாரத்தில் முடிந்தது. அமர்வில் இருந்த நீதிபதிகள் எல்லோரும் இதில் ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தத் தீர்ப்பைப் பற்றி என் கருத்து: முதல் பாதி சரி, இரண்டாம் பாதியின் நோக்கம் நல்லது, விளைவு மோசம். எல்லோரும் வர வேண்டும் என்று நீதிபதிகள் நினைத்தார்கள். ஆனால் வராதவரை வரவைக்க எந்த வழியும் வைக்கவில்லை. அதனால் என்ன ஆயிற்று? 41 பேர் சேர்ந்து வீட்டில் உட்கார்ந்தால் போதும், தேர்தல் நடக்காது, நாடாளுமன்றமும் கலையும். எதிர்த்து ஓட்டுப் போடுவதைவிட வராமல் இருப்பதற்கு அதிக வலிமை வந்துவிட்டது. உள்ளே வந்து ‘வேண்டாம்’ என்று ஓட்டுப் போடும் நேர்மையான எதிர்ப்பாளர், தான் எதிர்க்கும் ஆளுக்கே எண்பதை நிரப்பிக் கொடுத்தவராகிறார். மனசாட்சிப்படி அவைக்கு வருகிறவரைத் தண்டித்து, கதவுக்கு வெளியே நிற்கிறவருக்குப் பரிசு கொடுக்கும் விதி இது. ஒரு சின்ன நாட்டின் ஜனநாயகத்துக்கு இது பாரம்.

பாட்சொல்லிக்குப் பிறகு நடந்தது ஏழெட்டு நாள் வேலை. தாச்சி, எதிர்க்கட்சித் தலைவர் இசா முஸ்தஃபா, பாட்சொல்லி மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். நடுவில் அமெரிக்கத் தூதர் கிறிஸ்டோஃபர் டெல். முடிவில் வெளிவந்த பெயர் அரசியலிலேயே இல்லாத ஒருவருடையது: அதிஃபெதே யாஹ்யாகா, காவல்துறையின் துணைத் தலைவர். 2011 ஏப்ரல் 7 அன்று முதல் சுற்றிலேயே சரியாக 80 ஓட்டு வாங்கி ஜனாதிபதியானார். எதிர்த்து நின்ற சுசானா நோவொபர்தலியுவுக்கு 10 ஓட்டு. நாட்டின் முதல் பெண் ஜனாதிபதி, அப்போது 36 வயதுகூட ஆகவில்லை. ‘உறையிலிருந்து வந்த ஜனாதிபதி’ என்று எதிர்ப்பாளர்கள் பேசினார்கள். பெயரைத் தூதர் ஓர் உறையில் போட்டுக் கொண்டுவந்தார் என்பது அதன் பொருள். அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது. சொந்த நாட்டு ஜனாதிபதியின் பெயரை இன்னொரு நாட்டுத் தூதர் மேஜையில் வைத்துக் கேட்பது எந்த மக்களுக்கும் வலிக்கும்.

ஆனாலும் அவர் பதவிக்காலத்தை நான் மதிக்கிறேன். போரின்போது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களைப் பற்றிப் பேசவே தயங்கிய சமூகத்தில், அவர்களுக்காக ஒரு தேசியக் குழுவை அமைத்தார். 2015 ஜூனில் பிரிஷ்டினா விளையாட்டரங்கில் கொடிகள் கட்டி ஆயிரக்கணக்கான பெண் உடைகளைத் துணி காயப்போடுவதுபோலத் தொங்கவிட்ட கலைப்பணிக்குப் பின்னால் அவருடைய ஆதரவு இருந்தது. கட்சிக்காரராக இருந்திருந்தால் இதில் பாதிகூட நடந்திருக்காது என்பது என் நம்பிக்கை. ‘பொதுவான ஆள்’ என்ற 80 ஓட்டு விதியின் கனவு நனவானது அந்த ஒருமுறைதான், அதற்கும் வழி வெளியிலிருந்து வந்தது.

அந்த 2011 ஒப்பந்தத்திலேயே இன்னொரு வாக்குறுதியும் இருந்தது: அரசியலமைப்பைத் திருத்தி அடுத்த ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வழி செய்வோம், யாஹ்யாகா அதுவரை மட்டும் இருப்பார். குழுவும் போட்டார்கள். நடக்கவில்லை. திருத்தத்துக்கு மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமில்லை, ஒதுக்கீட்டு இடங்களில் இருக்கும் 20 சிறுபான்மை உறுப்பினர்களிலும் மூன்றில் இரண்டு பங்கு தனியாக வேண்டும். நடுவில், ஐந்து வருடத்துக்கு என்று தேர்ந்தெடுத்தவரின் காலத்தைப் பாதியில் வெட்ட முடியாது என்று 2012இல் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நீங்கள் கேட்ட ‘நேரடியாக ஏன் இல்லை’ என்பதற்குச் சட்டப் பதில் இதுதான்.

2016இல் ‘பொதுவான ஆள்’ என்ற பேச்சே இல்லை. 2014 தேர்தலுக்குப் பிறகு ஆறு மாதம் இழுபறி, கடைசியில் முஸ்தஃபா பிரதமர், தாச்சி வெளியுறவு அமைச்சர், 2016இல் தாச்சி ஜனாதிபதி என்ற புரிதலோடு கூட்டணி. மறுபடி மூட்டை. அந்த ஆண்டு பிப்ரவரி 26 அன்று வாக்கெடுப்பு நடந்தபோது எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அவைக்குள்ளேயே கண்ணீர்ப்புகை போட்டார்கள். வெளியே போராட்டம். செர்பியப் பெரும்பான்மை நகராட்சிகளின் கூட்டமைப்பு, மாண்டினீக்ரோவோடு எல்லை வரையறை ஆகிய இரண்டு விஷயங்களில் அவர்களுக்கு இருந்த கோபம் மாதக்கணக்காகப் புகைந்துகொண்டிருந்தது. மூன்றாவது சுற்றில் தாச்சிக்கு 71. பெட்டியில் இருந்த சீட்டு 81. மீதி 10 செல்லாத ஓட்டு.

எதிர்த்து நின்றவர் யார்? தாச்சியின் கட்சியைச் சேர்ந்த ரஃபெத் ராமா. இரண்டு பேர் நின்றால்தான் தேர்தல் என்று 2011இல் நீதிமன்றம் சொன்னதற்குக் கட்சிகள் கண்டுபிடித்த விடை இது. நம் ஊர் அரசியல் மொழியில் சொன்னால் டம்மி வேட்பாளர். 30 கையெழுத்தைத் தங்களுக்குள்ளேயே பிரித்துப் போட்டு ஒருவரை நிறுத்திவிடலாம், சட்டம் திருப்தி. போட்டி இருக்க வேண்டும் என்று தீர்ப்பு எழுதலாம், போட்டி போடும் மனதைத் தீர்ப்பால் உண்டாக்க முடியாது.

அப்போது முஸ்தஃபாவின் கட்சியில் இருந்துகொண்டே தாச்சி வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்ன இளம் உறுப்பினர் ஒருவர் இருந்தார். சட்டம் படித்தவர், மித்ரோவிட்சாக்காரர். வியோசா ஒஸ்மானி. அடுத்த தேர்தல் அவருடையதாக இருக்கும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அதைச் சொல்லும் முன் அக்கம்பக்க நாடுகளை ஒரு நிமிடம் பார்க்கலாம், ஏனென்றால் இதே வலியை அவர்களும் பட்டிருக்கிறார்கள். கிரேக்கத்தில் 300 பேர் நாடாளுமன்றத்தில் ஜனாதிபதிக்கு முதலில் 200, கடைசியாக 180 ஓட்டு தேவைப்பட்டது, இல்லையென்றால் கலைப்பு. 2014 டிசம்பரில் ஸ்தாவ்ரோஸ் டிமாஸுக்கு 168தான் கிடைத்தது. நாடாளுமன்றம் கலைந்தது, 2015 ஜனவரித் தேர்தலில் ஆட்சியே மாறியது. ஜனாதிபதி யார் என்பது அங்கே யாருக்கும் பெரிய கவலை இல்லை. ஆட்சியைக் கவிழ்க்க அது ஒரு சாவி, அவ்வளவுதான். 2019இல் அரசியலமைப்பைத் திருத்தி, தேர்வு இழுத்தாலும் சபை கலையாது, கடைசிச் சுற்றுகளில் எளிய பெரும்பான்மை போதும் என்று மாற்றிக்கொண்டார்கள். அல்பேனியா 2008இலேயே அதே பாதையில் போனது. 140 பேரில் முன்பு 84 வேண்டும், திருத்தத்துக்குப் பின் நாலாவது சுற்றிலிருந்து 71 போதும். 2022இல் முதல் மூன்று சுற்றுக்கும் வேட்பாளரே நிற்கவில்லை, நாலாவதில் பைராம் பெகாய் 78 ஓட்டில் வந்தார். சிக்கல் தீர்ந்தது, ஆனால் ஆளுங்கட்சி யாரை நினைக்கிறதோ அவரே ஜனாதிபதி என்றும் ஆனது.

எனக்குக் கேட்டால், கொசோவோவுக்கு நேரடித் தேர்தல் மருந்தில்லை. நாடு முழுக்க ஓட்டு வாங்கிய ஒருவர் மேலே, நாடாளுமன்றத்தின் தயவில் இருக்கும் பிரதமர் கீழே என்று வைத்தால், இருவரும் முட்டிக்கொள்ளும் நாள் தூரத்தில் இருக்காது. செர்பியரும் துருக்கியரும் ரோமாக்களும் இன்று 20 ஓட்டோடு அந்த அவையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நேரடித் தேர்தலில் அவர்களுடைய கணக்கு எண்ணிக்கையில் கரைந்துபோகும். முதல் இரண்டு சுற்றுக்கும் 80 இருக்கட்டும், பேச்சுவார்த்தைக்கு அது நல்ல அழுத்தம். மூன்றாவது சுற்றில் யார் வந்தாலும் வராவிட்டாலும் 61 கிடைத்தால் முடிந்தது என்று தெளிவாக எழுதினால் போதும். வராதவருக்குக் கொடுத்திருக்கும் பூட்டு தானாகக் கழன்றுவிடும்.

இப்போது 2021. தாச்சி மீது ஹேக்கில் இருக்கும் கொசோவோ சிறப்பு நீதிமன்றத்தில் போர்க்குற்ற வழக்கு. குற்றப்பத்திரிகை உறுதியானதும், 2020 நவம்பர் 5 அன்று ராஜினாமா செய்தார். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். சபாநாயகராக இருந்த ஒஸ்மானி பொறுப்பு ஜனாதிபதியானார். ஆறு மாதக் கெடு 2021 மே தொடக்கத்தில் முடியும். அதற்குள் பிப்ரவரி 14 பொதுத்தேர்தல். தன் பழைய கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்த ஒஸ்மானி, குர்தியின் வெத்தவெந்தோஸ்யே இயக்கத்தோடு கூட்டாக நின்றார். அந்தப் பெயருக்கு சுயநிர்ணயம் என்று பொருள். அங்கே கட்சிப் பட்டியலுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, பட்டியலில் பிடித்தவர்களைத் தனியாகவும் குறிக்கலாம். அப்படிக் குறித்ததில்தான் ஒஸ்மானிக்கு மூன்று லட்சத்தைத் தாண்டியது, அதுவரை அந்நாட்டில் யாரும் வாங்காத எண்ணிக்கை. குர்தி பிரதமர், ஒஸ்மானி ஜனாதிபதி என்று மேடையிலேயே சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார்கள். அந்த வகையில் மக்கள் தங்கள் விருப்பத்தைச் சொல்லிவிட்டார்கள் என்று நீங்கள் நினைப்பது தவறில்லை.

அந்த அணிக்குக் கிடைத்தது ஏறத்தாழ பாதி ஓட்டு, 58 இடம். செர்பியர் அல்லாத சிறுபான்மை உறுப்பினர்கள் சேர்ந்ததும் 61 எளிதாகத் தாண்டியது. குர்தி மார்ச்சில் பிரதமரானார். புதிய சபாநாயகர் கிளௌக் கொன்யுஃப்சா தேர்வானதும் பொறுப்பு ஜனாதிபதி பதவி ஒஸ்மானியிடமிருந்து அவருக்குப் போனது. ஆனால் 80 பேர் உள்ளே இருக்க வேண்டுமே? அதற்கு எதிரணியிலிருந்து பத்துக்கு மேற்பட்டவர்கள் வர வேண்டும். தாச்சியின் பழைய கட்சியும் ‘செர்பியப் பட்டியல்’ என்ற செர்பியர் கட்சியின் உறுப்பினர்களும் புறக்கணித்தார்கள். ஏப்ரல் 3 அன்று கூடினார்கள், ஆள் போதவில்லை, கலைந்தார்கள். தேறாமல் போனால் நாடு இரண்டே மாதத்தில் மறுபடி பொதுத்தேர்தலுக்குப் போக வேண்டும், அதுவும் கொரோனா உச்சத்தில் இருந்த நேரம்.

மறுநாள் ஏப்ரல் 4, ஞாயிற்றுக்கிழமை. நாள் முழுக்க இழுத்து, மூன்றாவது சுற்றில் பெட்டியில் விழுந்த சீட்டு 82. தேவையானதைவிட இரண்டுதான் அதிகம். ஒஸ்மானிக்கு 71. எதிரில் பெயருக்கு நின்ற, அதே வெத்தவெந்தோஸ்யேயின் நசூஃப் பெய்தாவுக்கு ஓர் ஓட்டும் இல்லை. மிச்சம் 11 சீட்டு செல்லாதவை.

அந்த 11 பேர் யார் என்பது ரகசிய ஓட்டில் தெரியாது. ஒஸ்மானியை அவர்கள் ஆதரிக்கவில்லை என்பது சீட்டிலேயே தெரிகிறது. ஆனாலும் வந்தார்கள், வரிசையில் நின்றார்கள், சீட்டை வாங்கி வேண்டுமென்றே கெடுத்துப் பெட்டியில் போட்டார்கள். மூன்று லட்சம் பேர் கேட்ட ஜனாதிபதி நாட்டுக்குக் கிடைத்தது, அவருக்கு ஓட்டுப் போடாத அந்தப் பதினொரு பேர் வெளியே போகாமல் உள்ளே வந்ததால்.